புழுவுக்கு விட்ட வரிசை

அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கொசு கடிக்காது. அதனால்தான் ஊரில் அவருக்குக் கொசுவத்தி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருந்தது. நர்ஸ் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று ஆடாமல் அசையாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெண்டாட்டி விலாவில் இடித்த பிறகுதான் எழுந்திருப்பார்.

கல்யாண வீட்டிலோ துக்க வீட்டிலோ வெளியில் படுக்க நேர்ந்தால் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் பிடிக்கப் போட்டி நடக்கும். "தள்ளிப் படுங்கப்பா, அவர் எல்லாருக்கும் பொது" என்று பெண்டாட்டியே கேலி பேசுவாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்தால் உதட்டோரம் எச்சில் வழியும். அதைத் துடைக்கவே தோளில் ஒரு துண்டு. கொசு அண்டாததும் எச்சில் ஒழுகுவதும் ஒரே மருந்தின் வேலை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

பருத்திக்கு மருந்தடிப்பதுதான் அவர் பிழைப்பு. கிணற்றடி டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மருந்தை மூடியால் அளந்து ஊற்றி, ஒரு குச்சியால் கலக்குவார். குச்சி அகப்படாவிட்டால் கை இருக்கவே இருக்கிறது. பிளாஸ்டிக் டேங்க்கை முதுகில் மாட்டி, இடது கையால் பிடியை அடித்துக்கொண்டே வலது கையால் குழாயை வீசிப் போக வேண்டும். காற்றுக்குக் குறுக்காக நடக்கணும். காற்று மனம் மாறினால் மருந்து முகத்தில்தான். டேங்க் எப்படியும் கசியும். மத்தியானத்துக்குள் முதுகு நனைந்து சட்டை தோலோடு ஒட்டிக்கொள்ளும். குழாய் முனையில் தூசி அடைத்தால் கழற்றி வாயில் வைத்து ஒரு ஊது; காறித் துப்பிவிட்டு அடுத்த வரிசை.

அந்தக் காலத்துப் புழு பச்சைப் புழு. கொழுத்தது, வெட்கம் கெட்டது. தலையைக் காய்க்குள் விட்டுவிட்டுப் பின்பக்கத்தை வெளியே போட்டபடி, அடுத்தவன் வீட்டு விருந்தில் பந்தியை விட்டு எழுந்திருக்காத ஆள் மாதிரி தின்னும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உடம்பில் மருந்து பட்டால் போதும், சுருண்டு விழும். ஒரு வாரம் கழித்து அதன் பங்காளி வந்து அதே காயில் உட்காரும். வாராவாரம் புழு, வாராவாரம் மருந்து. ஊருக்கெல்லாம் அவர் தேவைப்பட்டார்.

மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு பருவத்தில் மோட்டார் என்பவரின் பருத்திக்காட்டில் மருந்தடித்துக்கொண்டிருந்தபோது விழுந்தார். மோட்டார் ஊரிலேயே பெரிய பருத்திக்காரர். மூன்று கிணறு, மூன்று மோட்டார். வாயைச் சேர்த்தால் நாலு என்பார்கள். கத்தும் வாய்தானே தவிர கெட்ட மனுஷன் இல்லை. கால் பின்னி, கண்மணி கடுகாய்ச் சுருங்கி, வாயில் நுரை தள்ளிக் கிடந்தவரைத் தானே தூக்கி டிராக்டரில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நடந்து வரமாட்டீங்க."

"இந்தத் தடவையும் நடந்து வரலையே டாக்டர். டிராக்டர்லதான் வந்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "மருந்து நரம்புல ஏறியிருக்கு. இனி அந்த டேங்க்கைத் தொடக் கூடாது. தொட்டா உங்க கையும் காலும் உங்க பேச்சைக் கேக்காது. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"தொட மாட்டார்" என்றாள் பெண்டாட்டி. மறுபேச்சுக்கு இடமில்லாத குரலில் சொன்னாள்.

சரி, டேங்க்கை இறக்கியாயிற்று. வயிற்றை எங்கே இறக்கி வைப்பது? வேறு தொழில் தெரியாது. வெயிலில் நின்றால் தலை சுற்றுகிறது. அப்போது கைகொடுத்தவள் அக்கா. புருஷனும் போய், பிள்ளையும் இல்லாமல், அப்பா விட்டுப்போன காட்டைத் தனியாளாய்ப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் காலையில் வந்து வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்.

"கிழக்குப் பாதியை நீ பாரு."

"எழுதி வாங்கிக்கட்டுமாக்கா?"

"எழுத்து வேற வேணுமா உனக்கு? டேங்க் உன் முதுகுல ஏறாத வரைக்கும் அது உன்னுது. ஏறினா அப்பறம் பேசிக்கலாம்."

அந்த வருஷம்தான் புது விதை வந்தது.

விதைக் கடைக்காரர் பெட்டியைத் தட்டித் தட்டிக் காட்டினார். "இதுல செடியே மருந்து. புழு ஒரு கடி கடிச்சா போதும், வயிறு வெந்து செத்துரும். நீ ஒண்ணும் அடிக்க வேண்டாம்."

"செடியே மருந்துன்னா, நாம தொட்டா?"

"நீ என்ன புழுவா?"

"எங்க அக்கா அப்படித்தான் நினைச்சிருக்கா" என்றார் கொசுவத்தி. ஆனாலும் வாங்கினார். வாழ்க்கையெல்லாம் புழுவோடு மல்லுக்கு நின்றவருக்கு நம்பிக்கை வரவில்லை. செடி முளைத்து இலை விட்ட நாளிலிருந்து விடிந்ததும் போய்ப் பாத்திக்குள் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். இலை நுனியில் நூல் மாதிரி புழுக்குஞ்சு வரும். கடிக்கும். கொஞ்சம் நகரும். அப்புறம் யாரோ காதில் கெட்ட செய்தி சொன்னதுபோல் அப்படியே நின்றுவிடும். அடுத்த நாள் பார்த்தால் கறுத்துச் சுருங்கி, ஊதினால் பறக்கும். "நான் உசுரைக் குடுத்துப் பண்ண வேலையை இந்த இலை சத்தமில்லாமப் பண்ணுதுடீ" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். சொன்ன விதத்தில் சந்தோஷமும் இருந்தது. வேலையை வேறொருத்தன் தட்டிப் பறித்த வருத்தமும் கொஞ்சம் இருந்தது.

விதை பொய் சொல்லவில்லை என்பதை அவர் உடம்பே சாட்சி சொன்னது. ஊரில் மருந்து வாடை குறைந்தது. சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிக்கு எப்போதாவது அடித்தார்கள், அவ்வளவுதான். அவருக்கு எச்சில் ஒழுகுவது நின்றது. வாய்க்கு ருசி வந்தது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தவர் கன்னத்தில் பளாரென்று அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

"என்னாச்சுங்க?"

"கொசு கடிச்சிருச்சுடீ!"

பெண்டாட்டி தடித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். மறுநாளே பழைய டேங்க்கை எடுத்து, பழுக்கக் காய்ச்சின கம்பியால் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மிளகாய்ச் செடி வைத்தாள். செடி நன்றாகத்தான் காய்த்தது. அந்த மிளகாயை மட்டும் யாரும் தின்னவில்லை.

விளைச்சலும் கூடியது. மோட்டார் நாலாவது கிணறு வெட்டினார். அக்கா கூரையை மாற்றினாள். பழைய விதையை யாரும் எடுத்து வைக்கவில்லை. புழு தின்னும் விதையை எவன் கட்டிக் காப்பான்? புது விதையை எடுத்து வைத்து மறுபடி போட்டாலோ செடி ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று வரும். ஆகவே வருஷா வருஷம் கடைக்குப் போய்ப் பெட்டி வாங்க வேண்டும். வாங்கினார்கள். விளைகிறபோது அது பாரமாய்த் தெரியவில்லை.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குட்டிப் பொட்டலம் இருக்கும். அதில் இருப்பது சாதா விதை. காட்டைச் சுற்றி ஓர வரிசையில் அதை ஊன்ற வேண்டும், மருந்தடிக்கக் கூடாது என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஏன் என்று சொல்ல வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்தாள். வயது குறைவு, வேலைக்குப் புதிது. பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டம். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பெரியவர்கள் முழங்காலும் முகவாயும் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசரம்மா கரும்பலகையில் இரண்டு புழுப் படம் போட்டாள்.

"எவ்வளவு நல்ல விதையா இருந்தாலும் ஒண்ணு ரெண்டு புழு சாகாமத் தப்பிச்சிரும். தப்பிச்சதும் தப்பிச்சதும் ஜோடி சேந்தா, பொறக்கறது எல்லாமே சாகாத ரகம். ஓரத்துல சாதா செடி இருந்தா அங்க சாதாப் புழு நிறைய வளரும். தப்பிச்சது அதோட போய் ஜோடி சேரும். பொறக்கறது மறுபடி இந்த விதைக்குச் சாகும். அதுக்காகத்தான்."

"அப்ப நாங்க புழுவுக்கு வரன் பாக்கணும்கறீங்க" என்றார் மோட்டார்.

வகுப்பறை சிரித்தது. எல்லாரும் கொசுவத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். புழு விஷயத்தில் ஊருக்கு அவர் வாக்குதான் கடைசி வாக்கு.

"பாத்திரலாம்" என்றார் அவர். "மாப்பிள்ளை என்ன பண்றாரும்மா? காயைத் தின்னுட்டுச் சும்மாதான் இருக்காரா?"

அவ்வளவுதான். பெஞ்சைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் கூட்டம் கலைந்தது. ஆபீசரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது என்று வண்டி ஏறும்போது முகம் சொன்னது. பொட்டலங்களைச் சிலர் கடை வாசலிலேயே வீசினார்கள். சிலர் மாட்டுத் தீவனத்தில் கலந்தார்கள். கொசுவத்தி தன்னுடையதைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டார். புழுவை ஒழிக்கப் போய் உயிரையே பாதி கொடுத்தவர் அவர். அதற்குச் சோறு போட ஒரு வரிசை விடு என்றால், அடித்தவனுக்கு மடியில் இடம் கொடு என்று சொன்ன மாதிரி இருந்தது.

அக்கா மட்டும் ஊன்றினாள். அவளுக்கு ஆராய்ச்சியெல்லாம் கிடையாது. காய்ச்சல் விட்டாலும் மாத்திரையைச் சீட்டில் எழுதினபடி கடைசி வரை விழுங்கி முடிக்கிற ஜென்மம். பெட்டியில் போடு என்றிருந்தது, போட்டாள். அவளுடைய ஓர வரிசை புழுவால் சல்லடையாகிக் கிடந்தது. பக்கத்துக் காடு மோட்டாருடையது.

"உங்க அக்கா புழுப் பண்ணை வெச்சிருக்கு!" என்று டீக்கடையில் மோட்டார் கத்தினார். "பாலுக்குப் பண்ணை, கோழிக்குப் பண்ணை கேள்விப்பட்டிருக்கேன். இதென்னய்யா? நாளைக்கு என் காட்டுக்குள்ள வந்தா யாரு பொறுப்பு? நீ புழுவைப் பத்தித் தெரிஞ்சவன். நீ சொல்லு."

கொசுவத்தி சொல்லவில்லை; செய்தார். அக்கா கண் ஆபரேஷனுக்காகப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் ஓர வரிசை முழுவதையும் வேரோடு பிடுங்கிக் கொளுத்திவிட்டார். ஒத்தாசை செய்ததாகத்தான் நினைத்தார்.

கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கிய அக்கா வீட்டுக்குப் போகாமல் நேராகக் காட்டுக்கு வந்தாள்.

"எங்கடா என் வரிசை?"

"புடுங்கிட்டேன்கா. ஊரே பேசுது."

"ஊரு பேசுச்சா? செடிக்குக் காது இருக்கா என்ன?"

"பெட்டியில எழுதினவன் என்னிக்காவது காட்டுல எறங்கியிருப்பானாக்கா? ஓரத்துப் புழு நடுக்காட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும்?"

"எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாதவ எழுதினபடி செஞ்சேன். தெரியாதவன் நீ புடுங்கிட்டே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "கண்ணுக்கு வெயில் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் வர்றேன்."

அந்தப் பருவம் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அடுத்த வருஷம் பேசினாள். ஆனால் ஓர வரிசை போடவில்லை. ஊரோடு ஒத்துப் போய்விட்டாள்.

பல வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததுதான் எல்லாரையும் கெடுத்தது. பொட்டலத்தைப் பற்றிய பேச்சே மறந்து போயிற்று. ஒரு பருவத்தில் கொசுவத்தி தன் காட்டில் விரியாத பூ ஒன்றைப் பார்த்தார். இதழ்களை யாரோ நூலால் கட்டிவிட்ட மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. பிரித்தார். உள்ளே ஒரு புழு. பச்சையில்லை, இளஞ்சிவப்பு, பிறந்த குழந்தையின் விரல் நிறம். பூவைத் தின்றுவிட்டு சௌக்கியமாக நெளிந்தது. மருந்துச் செடியில், உயிரோடு.

பக்கத்துச் செடியில் ஒரு காயைப் பறித்தார். வெளியே ஒரு குறையும் இல்லை. பல்லால் கடித்துப் பிளந்தார். உள்ளே பஞ்சு கறை படிந்து, விதை கூடாகி, நடுவில் அதே சிவப்பு. இன்னொரு காய். இன்னொன்று. காட்டின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். பச்சைப் புழு திருடன் என்றால் இது வீட்டோடு குடியிருக்கிற திருடன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து தின்கிறது.

ஊர் முழுக்க அதே கதை. ஆபீசரம்மா மறுபடி வந்தாள். இப்போது தலையில் நரை கண்டிருந்தது. முறுக்கின பூவையெல்லாம் பறித்து எரியுங்கள், அந்தப் புழு வளர்ந்து மாறுகிற அந்துப்பூச்சிக்குப் பொறி மாட்டுங்கள், கடைசிக் காய் வெடிக்கும் வரை காத்திருக்காமல் சீக்கிரமாகவே செடியைப் பிடுங்கிவிடுங்கள், எல்லாரும் சேர்ந்து ஒரே சமயத்தில் செய்தால் அடுத்த வருஷம் குறையும் என்றாள்.

"அடுத்த வருஷம் இருக்கட்டும். இந்த வருஷத்துக்கு என்ன?" என்றார் மோட்டார். அவர் குரல் முதல் தடவையாக இறங்கியிருந்தது.

ஆபீசரம்மா சொன்னதையே மறுபடி சொன்னாள்.

கூட்டம் முடிந்ததும் அக்கா அவளை ஓரமாக நிறுத்தினாள். கொசுவத்தி பின்னால் நின்றார்.

"ஏம்மா, அன்னிக்கு என் ஓர வரிசை இருந்திருந்தா இது வந்திருக்காதா?"

ஆபீசரம்மா கொஞ்சம் யோசித்தாள். "உங்க ஒரு வரிசை தடுத்திருக்காதும்மா. எல்லாரும் போட்டிருக்கணும். எல்லா ஊர்லயும். யாரும் போடலைன்னுதான் இப்ப கம்பெனியே சாதா விதையைப் பெட்டிக்குள்ள கலந்து அனுப்புது. எது எதுன்னு உங்களுக்கே தெரியாது."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "வா, போலாம்" என்றாள்.

மறுநாள் காலை மோட்டார் அவர் வீட்டுக்கே வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"உன்னால அடிக்க முடியாதுன்னு தெரியும். டாக்டர் சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு. ஆனா வேற ஆள் இல்லப்பா. பசங்கல்லாம் டவுனுக்குப் போயிட்டானுங்க. இருக்கிறவனுக்கு எந்தப் பக்கம் காத்து அடிக்குதுன்னு கூடத் தெரியல. என்கிட்ட பவர் ஸ்பிரேயர் இருக்கு, கையால அடிக்க வேண்டாம், முதுகுல மாட்டினா அதுவா பீச்சும். என்னுது, உங்க அக்காது, உன்னுது, மூணு காட்டையும் ஒரு சுத்து சுத்திடு."

"அவர் வரமாட்டார்" என்றாள் பெண்டாட்டி, உள்ளே இருந்தபடியே.

"நான் அவர்கிட்ட கேக்கறேன்மா."

"அதான் சொல்றேன், அவர் வரமாட்டார்."

மோட்டார் போய்விட்டார். வீட்டுக்குள் பாத்திரம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

"ஒரு சின்ன சமயம் இருக்குடீ" என்று ஆரம்பித்தார் அவர். "முட்டை பொரிச்சு, புழு காய்க்குள்ள நுழையறதுக்கு முன்னாடி. அந்த நேரத்துல மேல பட்டுச்சுன்னா பிடிச்சிரலாம்."

"உங்களுக்கு அந்த நேரம் தெரியுமா?"

"தெரியும்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் வாசலைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. பச்சைப் புழுவின் ஜாதகமே அத்துப்படி. இந்தச் சிவப்புப் புழு அவருக்கு அந்நியம்.

"கை நடுங்கறது நின்னு இத்தனை வருஷமாச்சு" என்றாள் அவள். "நான் எண்ணாத நாளில்ல. பருத்தி போனா போகட்டும். ரெண்டு பேரும் கூலிக்குப் போவோம், பிச்சை கூட எடுப்போம். உங்க கை போனா நான் எங்க போய் வாங்கறது?"

"அக்கா காடும் போகுதுடீ. அவ காட்டுல கை வெச்சவன் நான்."

சொல்லி நிறுத்த முடியாத இடத்துக்கு அவர் ஏற்கெனவே போய்விட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. பழைய துண்டு ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவர் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிவிட்டாள். முடிச்சை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இறுக்கினாள்.

அந்த வருஷம் செடி தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் செடி இடுப்பளவு. மருந்தைக் கீழ்நோக்கி அடித்துக்கொண்டு போகலாம். இப்போது குழாயை அண்ணாந்து பிடிக்க வேண்டும். பிடித்தால் மருந்து மேலே போய்ப் பனிபோல அவர் மேலேயே இறங்குகிறது. பவர் ஸ்பிரேயர் முதுகில் குட்டிப் பிசாசு மாதிரி உறுமியது. முகத்தில் கட்டின துண்டு நனைந்து மூச்சு முட்டியது. ஒரு கட்டத்தில் கழுத்துக்கு இறக்கிவிட்டார். மோட்டாருடைய காட்டை முடித்துவிட்டு அக்கா காட்டுக்குள் நுழைந்தபோது அவள் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வெளிய வாடா!"

இயந்திரச் சத்தத்தில் கேட்காததுபோல் நடந்தார்.

"டேய், எனக்கு இந்தக் காடே வேணாம்டா! வெளிய வா!"

அது நன்றாகவே கேட்டது. ஒரு வரிசை போய்த் திரும்பி, அவள் நிற்கிற இடத்துக்கு வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினார். மருந்து சொட்டிக்கொண்டிருந்த ஒரு காயைப் பறித்துப் பிளந்து பார்த்தார். அக்காவும் குனிந்து பார்த்தாள். சிவப்புப் புழு வெளிச்சம் பட்டதும் கூச்சத்தோடு நெளிந்து, பஞ்சுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. அதன் மேல் ஒரு துளி ஈரம் இல்லை.

"நேரம் தப்பிருச்சு" என்றார். நாக்கு தடித்திருந்தது.

"சரி. எறக்கு அதை."

அவர் இறக்கவில்லை. அக்கா பட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையைத் தட்டிவிட்டார். உள்ளே இருக்கிற புழுவுக்கு மருந்து போகாது என்று கண்ணால் பார்த்த பிறகும் இயந்திரத்தை முடுக்கி அடுத்த வரிசைக்குள் இறங்கினார். அக்கா காட்டை முடித்தார். தன் காட்டில் பாதி முடித்தார். மீதிப் பாதி அப்படியே கிடந்தது.

மோட்டார்தான் மறுபடி வண்டி கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், பின்னால் படுத்திருந்தவர் பேச்சு வந்தபோது சொன்னார்: "மேல படவே இல்லைங்க. உங்க காட்டுலயும் அப்படித்தான் இருக்கும். எல்லாம் உள்ள இருக்கு."

"தெரியும்" என்றார் மோட்டார்.

"தெரிஞ்சுமா கூப்பிட்டீங்க?"

மோட்டார் ஒரு பள்ளத்தில் வண்டியை மெல்ல இறக்கி ஏற்றினார். "சும்மா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க முடியலப்பா" என்றார்.

கொசுவத்திக்குக் கோபம் வரவில்லை. அவரும் அதற்காகத்தானே போனார். அவர் தலையை மடியில் வைத்திருந்த பெண்டாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவர் உதட்டோரத்தைத் துடைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பழைய டாக்டர் இல்லை. புதிதாய் வந்தவர் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெண்டாட்டியிடம் தனியாகப் பேசினார். உயிர் போகாது, விரல்கள் இனி பழையபடி ஆகாது என்றார்.

அந்தப் பருவத்தில் ஊர் முழுக்கப் பஞ்சு எடுத்ததைவிடக் கறை எடுத்ததுதான் அதிகம். செடியைச் சீக்கிரம் பிடுங்கச் சொன்ன ஆபீசரம்மாவின் பேச்சைச் சிலர் கேட்டார்கள். பலர் மிச்சம் ஏதாவது வெடிக்காதா என்று காத்திருந்தார்கள். பிடுங்கின காட்டுக்குள் பிடுங்காத காட்டு அந்துப்பூச்சி பறந்து வந்தது. யாரைக் குற்றம் சொல்வது? காத்திருந்தவனும் பசித்துத்தான் காத்திருந்தான்.

அடுத்த மழைக்கு முன்னால் அக்கா விதைக் கடைக்குப் போனாள்.

"வேற ஏதாவது விதை இருக்கா?"

"பருத்தின்னா இதான்கா. எந்தப் பெட்டியைப் பிரிச்சாலும் உள்ள இதான். பழசு யாரு வெச்சிருக்கா? எனக்கே வேணும்னு சொல்லி வெச்சிருக்கேன், கிடைக்கல."

"பருத்தியை விட்டுட்டு வேற எதாவது?"

"உங்க மண்ணுக்கு வேற என்ன வரும்? வந்தா யாரு வாங்குவா?"

பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பாதி தனக்கு, ஒரு பாதி கிழக்குப் பக்கத்துக்கு. டேங்க் முதுகில் ஏறினால் பேசிக்கொள்ளலாம் என்று சொன்னவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீங்க வரப்புல உக்காருங்க, நான் ஊனிக்கறேன்" என்றாள் பெண்டாட்டி, விதைக்கிற அன்று.

"ஊனறதுக்குக் கூட ஆகமாட்டேனா?" என்றார் கொசுவத்தி.

விதைப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு குழிக்கு இரண்டு விதை போட வேண்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர மறுத்தன. சேர்த்துப் பிடித்தால் பிடி உதறி, ஒரு குழியில் ஐந்தாறு விதை கொட்டியது. அடுத்த குழியில் ஒன்றுமில்லை. மூன்றாவது குழியில் விதை பக்கத்து மண்ணில் சிதறியது. அவர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த குழிக்கு நகர்ந்தார். வரிசையை முடித்துவிடுகிற வேகத்தில் போனார்.

பெண்டாட்டி அவருக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்தாள். அதிகம் விழுந்த குழியிலிருந்து விதையைப் பொறுக்கி, காலியான குழியில் இரண்டு இரண்டாக வைத்து மண்ணைத் தள்ளி மூடினாள். அவர் காதில் விழாதபடி, சத்தம் காட்டாமல், வரிசைக்கு வரிசை அவர் பின்னாலேயே உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள்.